வேலையும் சொந்தப் பொழுதும்: பெருங்கடவிளை வட்டாரம்

கூலிக்கோ சம்பளத்துக்கோ கொடுக்கும் பொழுது ஒருபுறம். வீடு, பிள்ளைகள், ஓய்வு, வழிபாடு, ஊர்க்காரியம் என்று தனக்காக வைத்துக்கொள்ளும் பொழுது மறுபுறம். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாமல் இரண்டையும் நடத்திச் செல்வதே வேலை–வாழ்வுச் சமநிலை எனப்படுகிறது. அலுவலக உலகிலிருந்து வந்த தொடர் என்பதால், தனியாள் தம் நாளைத் திட்டமிடும் திறமையாகவே இது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. கேரளத்தின் தெற்கெல்லையில் உள்ள பெருங்கடவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. இங்கே ஓய்வுநாளும் வேலை நேரமும் பலர் சேர்ந்து கேட்டுப் பெற்றவை. சேர்ந்து கேட்க ஆளில்லாத அடுக்களையில் மட்டும் நேரம் இன்னும் அளவில்லாமல் கிடக்கிறது.

இடமும் பெயரும்

பெருங்கடவிளை திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள கிராம ஊராட்சி. இதே பெயரில் பிளாக் பஞ்சாயத்தும் உண்டு. கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை, ஆரியங்கோடு முதலிய ஊராட்சிகள் அதில் அடங்கும். எல்லைக்கு இருபுறமும் ஊர்ப்பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் 'விளை' என்ற ஈறு, தோட்டப்பயிர் செய்யும் மேட்டு நிலத்தைக் குறிப்பது. மரச்சீனி, வாழை, தென்னை, ரப்பர் ஆகியவை இன்றைய விளைகளின் பயிர்கள்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, அதுவரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு ஆளைத் தடுக்கவில்லை. களியக்காவிளை, பனச்சமூடு சந்திகள் வழியாகக் கூலியாட்களும் கடைப் பணியாளர்களும் நாள்தோறும் இருபுறமும் போய்வருகிறார்கள். 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதையில் பாறசாலை கேரளத்தின் கடைசி நிலையம். தலைநகரில் வேலை, கிராமத்தில் வீடு என்னும் வாழ்க்கை அந்தப் பாதையால் எளிதாயிற்று. போக்குவரவில் கரையும் நேரமும் நாளின் கணக்கில் ஏறியது.

சொல் வழக்கு

விடுமுறைக்கு மலையாளத்தில் 'அவதி' என்று பெயர். தமிழில் அவதி என்றால் துன்பம். எல்லை, தவணை என்ற பொருளுள்ள ஒரே வடசொல்தான் ஒரு மொழியில் ஓய்வாகவும் இன்னொன்றில் படும்பாடாகவும் திரிந்திருக்கிறது. பள்ளிக்கு 'இன்று அவதி' என்று பிள்ளை சொன்னால் எந்த மொழியில் சொன்னது என்று பார்த்துப் பொருள்கொள்ள வேண்டிய ஊர்கள் இவை.

ஊழியமும் ஞாயிறும்

திருவிதாங்கூர் அரசில் ஊழியம் என்பது கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ அரசுக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய கட்டாய வேலை. தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளின் மேல் அது விழுந்தது. எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத நிலையில், உழைப்பவருக்குத் தன்பொழுது என்று ஒன்று இருக்க வழியில்லை. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் வேரூன்றிய 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கிறித்தவரானவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. பாறசாலையும் அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்று. வழிபாட்டுக்கென்று கொடுத்த விலக்குதான். ஆனால் 'இன்று வரமுடியாது' என்று சொல்லத்தக்க ஒரு நாளை அது சிலருக்கு உண்டாக்கியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் சட்டப்படி ஒழிந்தது. வயல் வேலையில் பழைய வழக்கம் அதன் பின்னும் நீண்டது.

வாரத்துக்கு ஆறு நாள்

தாழ்த்தி வைக்கப்பட்டவர்களின் உரிமைக்குப் போராடிய அய்யன்காளி (1863–1941) பிறந்த வெங்ஙானூர் அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர். 1907-இல் அவர் தொடங்கிய சாதுஜன பரிபாலன சங்கத்தின் தொடக்ககாலக் கோரிக்கைகளில் ஒன்று, வாரத்துக்கு ஏழாக இருந்த வேலைநாளை ஆறாகக் குறைப்பது. ஞாயிறு ஓய்வுநாளாகவும் சங்கக் கூட்ட நாளாகவும் ஆயிற்று. ஓய்வு கிடைத்தவர்கள் கூடிப் பேசினார்கள். கூடியதால் மேலும் கேட்க முடிந்தது.

20-ஆம் நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளுக்குள் இப்பகுதியில் நடந்த விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி நுழைவு. கூலி, வேலை நேரம், நடுவேளை ஓய்வு ஆகியவையும் உடன் பேசப்பட்டன. நிலங்கள் தரிசாகக் கிடந்தன. பட்டினி நெருங்கியபோது விழிஞ்ஞத்து மீனவர்கள் வேலைநிறுத்தக்காரர்களைத் தம் படகுகளில் சேர்த்துக்கொண்டார்கள் என்று அய்யன்காளியின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கூலி வேலைக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் உள்ள உறவை, பிள்ளையின் படிப்பு என்னும் இடத்தில் பிடித்து உலுக்கிய போராட்டம் இது.

உலக அளவில், நாளுக்கு 8 மணி நேர வேலை என்ற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை 1919-இலும், தொழிற்சாலைகளுக்கான வார ஓய்வு உடன்படிக்கை 1921-இலும் வந்தன. வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923-இல் ஏற்றது. இவை ஆலைத் தொழிலாளர்களை நோக்கியவை. வயலில் நின்றவர்களுக்கு எட்டவில்லை. கேரளத்தில் அவர்களுக்கு 8 மணி நேர வரையறை சட்டமாக வந்தது 1974-ஆம் ஆண்டின் விவசாயத் தொழிலாளர் சட்டத்தில்தான்.

ரப்பர் வெட்டுக்காரரின் நாள்

இன்று இவ்வட்டாரத்தில் பல வீடுகளின் கடிகாரம் ரப்பர் மரம். பட்டைக்குள் பாலின் அழுத்தம் விடியலுக்கு முன் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்றத் தொடங்கினால் ஒழுக்கு குறையும். அதனால் வெட்டுக்காரர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே விளைக்குப் போகிறார். மரத்துக்கு மரம் நடந்து, பழைய வெட்டின் மேல் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, மெல்லிய சீவல் போகும்படி கத்தியை இழுத்து, சிரட்டையை நேராக்கி அடுத்த மரத்துக்கு நகர்கிறார். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 மரம் என்பது பொதுக் கணக்கு. வெட்டி முடித்துச் சில மணி நேரம் கழித்துப் பால் எடுக்க வேண்டும். பிறகு தட்டத்தில் ஊற்றி, நீரும் ஆசிடும் கலந்து உறைய விட்டு, மிஷினில் கொடுத்து ஷீட் அடிக்க வேண்டும்.

பால் எடுப்பதும் ஷீட் அடிப்பதும் பல வீடுகளில் மனைவியின் கையிலும் விழுகின்றன. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் பால் எடுக்கும் நேரமும் அடுத்தடுத்து வருவதால் காலைதான் நெருக்கடி. மத்தியானத்துக்குப் பிறகு வெட்டுக்காரர் வீட்டில் இருப்பார். ஆனால் முன்னிரவிலேயே படுத்தாக வேண்டும். இரவுத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகலாமா என்பதை மறுநாள் வெட்டு உண்டா என்பது தீர்மானிக்கிறது. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு என்பது மரத்துக்காக வகுத்த முறை: பட்டைக்கும் பாலுக்கும் ஓய்வு வேண்டும். இரண்டு தோட்டங்களை மாற்றி மாற்றி வெட்டுபவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில், மழைமறை கட்டாத மரங்களில் வெட்டு நிற்கும். அப்போது ஓய்வு வரும், கூலி வராது.

தறி வீடு

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள பாலராமபுரம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து அழைத்துக் குடியமர்த்தப்பட்ட சாலியர் நெசவாளர்களால் பெயர்பெற்றது. அதன் கைத்தறித் துணிகளுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் விரித்து உலர்த்துவது வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். தார் சுற்றுவது பெண்களும் முதியவர்களும் செய்வது. வேலைக்குப் போவதும் திரும்புவதும் இல்லாத இடத்தில் வேலை முடியும் நேரமும் இல்லை. நெய்த அளவுக்குக் கூலி என்பதால் பண்டிகை நெருங்கும்போது இரவும் தறியோடு சேர்ந்துவிடும். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்யும் இன்றைய தலைமுறை எதிர்கொள்ளும் சிக்கலை இந்தத் தெரு இரண்டு நூற்றாண்டாக அறியும்.

தொழிலுறுதி

2005-இன் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு 2008-இல் விரிந்தது. தமிழ்நாட்டில் 'நூறு நாள் வேலை' எனப்படுவதை இங்கே 'தொழிலுறுதி' என்கிறார்கள். கேரளத்தில் இத்திட்ட வேலைநாள்களில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு பெண்களுடையவையாக இருந்தன. காரணங்களுள் ஒன்று அந்தச் சட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது: வேலையிடம் 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் கூலியில் 10 சதவீதம் கூடுதல்; 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும். வீட்டை விட்டுத் தூரம் போகமுடியாதவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் இவை. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் மாநில அரசுத் திட்டத்தின் அயல்கூட்டங்கள் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுக்கள்) இப்பெண்களை ஏற்கெனவே ஒன்றுசேர்த்திருந்தன.

2023 முதல் வேலையிடத்தில் நாளுக்கு இருமுறை செல்பேசிச் செயலியில் படமெடுத்து வருகையைப் பதிவது கட்டாயமானது. அளந்து கொடுத்த வேலையை விரைவாக முடித்தாலும் இரண்டாவது படம் எடுக்கும் வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் மாட்டுக்கும் உரிய நேரத்தில் அது கை வைத்தது.

கடையும் நாற்காலியும்

எல்லைக்கு இருபுறமும் ஜவுளிக்கடை வேலை பல இளம்பெண்களின் பிழைப்பு. நாள் முழுவதும் நின்றே விற்க வேண்டிய நிலையை எதிர்த்துக் கோழிக்கோட்டில் தையல்காரர் விஜி தொடங்கிய பெண்கூட்டு இயக்கம் போராடியது. அதன் பயனாக 2018-இல் கேரளக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, இருக்கை தருவது கட்டாயமாயிற்று. தமிழ்நாடு 2021-இல் இதே திருத்தத்தைச் செய்தது. மலையாளத்தில் 'இருக்கான் உள்ள அவகாசம்' எனப்பட்டது, தமிழில் 'உட்காரும் உரிமை' ஆனது. பெருங்கடவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பெண்ணுக்கும் மார்த்தாண்டம் போகும் பெண்ணுக்கும் இப்போது இந்த உரிமை ஒன்றே.

அடுக்களை நேரம்

2019-ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஈடுபட்டவர்களே ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 81 சதவீதம். ஞாயிறு ஓய்வுக்கு ஒரு சங்கமும், 8 மணி நேரத்துக்கு ஒரு சட்டமும், நாற்காலிக்கு ஓர் இயக்கமும் இருந்தன. இந்த 299 நிமிடத்துக்கு எதிர்த்தரப்பு வீட்டுக்குள்ளேயே இருப்பதால் யாரிடம் கேட்பது என்பதே சிக்கல். வார விடுமுறை நாளில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்று சமையல் கூடும்.

2024-இல் கேரளப் பள்ளிகளுக்கு வந்த 3-ஆம் வகுப்புப் புதிய பாடநூலின் அடுக்களைப் படத்தில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறார். நூறாண்டுக்கு முன் இவ்வட்டத்தில் பிள்ளையைப் பள்ளிக்குள் சேர்க்கவே வயலில் வேலை நின்றது. இப்போது பள்ளியிலிருந்து பிள்ளை அந்தப் படத்தோடு வீட்டுக்கு வருகிறது.