பள்ளியும் பட்டறையும்

பள்ளியில் கற்ற தொழில் ஆலை வாயிலில் செல்லுபடியாகுமா என்னும் வினா புதியதன்று. நம் நாட்டில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பிழைப்பை நாடி ஜாம்ஷெட்பூருக்கும் பிலாய்க்கும் மும்பைக்கும் வந்து, ஆலைச் சங்கின் ஒலியில் பொழுது விடியக் கண்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வரலாறு அயலார் கதையன்று.

1882-ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் இரு பாதைகளை வகுக்குமாறு கூறிற்று. ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குச் செல்வது. மற்றொன்று வாணிகத்துக்கும் பிற தொழில்களுக்கும் இளைஞரை ஆயத்தம் செய்வது. இரண்டாம் பாதையில் நடந்தவர் மிகச் சிலரே. மெட்ரிகுலேஷன் தேறியவனுக்குக் கல்லூரியும் அரசாங்க அலுவலும் எதிரே தெரிந்தன. தொழிற்பாடம் பயின்றவனுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று சொல்வார் இல்லை.

ஆலைகளோ தமக்கு வேண்டிய கைத்திறனைத் தாமே வளர்த்துக்கொண்டன. இரயில்வே பட்டறைகள் இளைஞரை அப்ரண்டிஸாகச் சேர்த்துப் பழக்கின. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் 1921-இல் தனக்கென ஒரு தொழில்நுட்பப் பயிலகத்தையே தொடங்கிற்று. பள்ளி ஒரு கரையிலும் பட்டறை மறுகரையிலும் நின்றன.

இவ்விரண்டையும் இணைக்க வழி கூறியவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது; மறு ஆண்டு அறிக்கை அளித்தது. பல்நோக்குப் பள்ளிகளையும், தொழில்நுட்பம் உட்பட ஏழு பாடப் பிரிவுகளையும் அது பரிந்துரைத்ததைப் பலர் அறிவர். அக்குழு அத்துடன் நிற்கவில்லை. தொழில்நுட்பப் பள்ளிகள் உரிய ஆலைகளின் அருகே அமைய வேண்டும். மாணவருக்குச் செய்முறைப் பயிற்சி அளிப்பதை ஆலைகளுக்குச் சட்டம் கடமையாக்க வேண்டும். இக்கல்விக்கென ஆலைகள்மீது ஒரு சிறு தீர்வை விதிக்க வேண்டும் என்றும் கூறிற்று. தேர்ந்த தொழிலாளரால் பயன் பெறுவோர், அவரை உருவாக்கும் செலவிலும் பங்கு ஏற்பதே முறை என்பது இதன் உட்கருத்து.

பல்நோக்குப் பள்ளிகள் தோன்றின. தீர்வையோ நாடளாவிய சட்டமாக உருப்பெறவில்லை. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் ஆலைகளுக்குப் பயிற்சிக் கடமையை விதித்தது. ஆயினும் அதன் பயன் பெரும்பாலும் பள்ளியை விட்டு வெளிவந்த இளைஞரையே சார்ந்தது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் நூற்றுக்கு 25 பேரை 1995-க்குள் தொழிற்பிரிவில் சேர்க்க இலக்கு வகுத்தது; அவ்விலக்கு எய்தப்படவில்லை. 19 முதல் 24 வயதுடைய உழைப்பாளருள் முறையான தொழிற்கல்வி பெற்றோர் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு என்னும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மதிப்பீட்டை 2020-ஆம் ஆண்டின் கொள்கை எடுத்துக்காட்டுகிறது.

பாடத்திட்டங்கள் பலமுறை திருத்தப்பட்டன. ஆலையின் பொறுப்பே வரையறுக்கப்படாமல் நின்றது. ஆதலின், நம் பிள்ளைகள் தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது பாடநூலை மட்டும் நோக்குதல் போதாது. எந்தப் பட்டறையில் எத்தனை நாள் பழகுவர், அவர்தம் சான்றிதழை எந்த ஆலை ஏற்கும், பின்னர்க் கல்லூரிக்குச் செல்ல வழி உண்டா என்னும் மூன்றையும் பள்ளியிடம் கேட்டறிதல் நம் கடமையாகும்.