மாசிக்காயும் மெழுகுத் தாளும்



பெங்களூரின் கண்டோன்மெண்டுப் பகுதி 1809-இல் பிரிட்டிஷ் படைக்கென அமைக்கப்பட்டது. அதனோடு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் இவ்வூரை இருப்பிடமாகக் கொண்டு மதுரையையும் தஞ்சையையும் படமாக்கிய காப்டன் லினேயஸ் டிரைப்பைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கும்பினிப் படையின் அதிகாரியான அவர், விடுமுறையில் தாய்நாடு சென்று புகைப்படக்கலை பயின்று, 1854-இல் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

அக்காலத்தில் பிலிம் சுருள் இல்லை. படம் பிடிப்பவரே நெகடிவைச் செய்து, மருந்து கரைத்து, இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். 1851-ஆம் ஆண்டிலேயே இரு முறைகள் வெளியாயின. ஒன்று ஆர்ச்சரின் ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடியில் பூச்சுப் பூசி, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, பைரோகாலிக் அமிலமோ இரும்பு சல்பேட்டோ ஊற்றித் துலக்க வேண்டும். விரைவும் நுட்பமும் அதன் சிறப்பு. ஆனால் இருட்டுக் கூடாரத்தைக் கூடவே சுமந்து செல்ல வேண்டும். மற்றொன்று லெ கிரேயின் மெழுகுத் தாள் முறை. தாளை முதலில் மெழுகில் தோய்த்து, வெள்ளி உப்பேற்றி, உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்தபின் மாலையில் முகாமுக்குத் திரும்பிச் சாவகாசமாகத் துலக்கலாம். அதற்குரிய மருந்து காலிக் அமிலம்.

காலிக் அமிலம் என்றதும் அயல்நாட்டுப் பொருள் என எண்ண வேண்டா. நம் பாட்டிமார் குழந்தைக்கு உரைத்துக் கொடுத்த மாசிக்காயில் உள்ள சத்து அது. அதைச் சூடாக்கினால் பைரோகாலிக் அமிலம் கிடைக்கும். 1786-இல் ஷேலே என்னும் வேதியியலார் இதைக் கண்டார். ஒரு தாயின் இரு பிள்ளைகளாயினும் குணம் வேறு. பைரோகாலிக் அமிலம் வேகமாகப் பாயும். காலிக் அமிலமோ மணிக்கணக்கில் மெல்ல உருவை எழுப்பும். வெப்ப நாட்டில் மருந்தின் வேகம் மிகும். கரைசல் பழுப்பேறித் தாளில் கறை படியும். ஆகவே மெதுவான மருந்தே கைக்கு அடங்கும். கடல்மட்டத்திற்கு 3,000 அடி உயரத்திலுள்ள பெங்களூரின் குளிர்ச்சியும் அவ்வேலைக்குத் துணை என்பது என் கருத்து.

இன்று வீட்டிலேயே பிலிம் துலக்குவோர்க்கும் இதே வினா எழுகிறது. ஆவணங்களைப் படியெடுக்கவென்று செய்யப்பட்ட பிலிமைச் சாதாரண டெவலப்பரில் இட்டால் கரியும் வெள்ளையுமே மிஞ்சும், இடைநிறங்கள் மறையும். நீர் மிகுதியாகக் கலந்த, மெல்லியல்பான மருந்தே அதற்கு வேண்டும். 20 பாகை செல்சியஸ் என்று குறிப்பேட்டில் கண்டபடி நீரைக் குளிர்விப்பது சென்னைக் கோடையில் எத்துணைத் தொல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

டிரைப்பின் பொறுமைக்குச் சான்று பர்மா. 1855-இல் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய் வந்த அவர், 120 படங்களைத் தேர்ந்து, 50 தொகுதிகள் அச்சிட்டார். கணக்கிட்டால் 6,000 படிகள்; அத்தனையும் வெயிலில் தாளைக் காட்டி ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டவை.

1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857-இன் இறுதியில் புறப்பட்ட அவர், ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சுற்றினார். மதுரைப் படங்கள் பல மெழுகுத் தாளில் எழுந்தவையே. தஞ்சையிலோ, பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் பிடித்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லெழுத்துகளை அவை உள்ளபடியே ஒளியைக் கொண்டு படியெடுத்த அரிய முயற்சி அது. ஹுல்ஷ் அக்கல்வெட்டுகளை வாசித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான்; படமோ 1858-லேயே எடுத்தாயிற்று.

மறு ஆண்டே சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், கஜானாவின் நிலைக்குப் புகைப்படம் தாங்காத ஆடம்பரம் என்று கருதி, அப்பணியை நிறுத்தினார். அவ்வாண்டு அரசு மிச்சப்படுத்திய தொகையைவிட, எடுக்கப்படாமற்போன கோயில்களின் படங்களையே நான் எண்ணிப் பார்க்கிறேன். டிரைப் 1902-இல் மறைந்தார். பணி நின்றபின் அவர் எடுத்த படங்கள் மிகச் சில.