ஃபார்ம்.டி படிக்கும்போதே பிஎச்.டி-யும் செய்ய முடியுமா? விதிகள் என்ன சொல்கின்றன?

இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது. வயது 24. 'அதான் பேருக்கு முன்னாடி டாக்டர் வந்தாச்சே, இன்னும் என்ன படிப்பு?' என்று வீட்டில் கேட்கிறார்கள். உங்களுக்கோ ஆராய்ச்சி மேல் ஆசை. ஃபார்ம்.டி-யோடு சேர்த்தே பிஎச்.டி-யையும் தொடங்கியிருந்தால் சில வருடங்கள் மிச்சமாகியிருக்குமே என்றும் தோன்றுகிறது. அது நடக்கக்கூடிய காரியமா?

இரண்டும் ஒன்றா?

இல்லை. ஃபார்ம்.டி என்பது தொழில்முறைப் பட்டம். இந்திய மருந்தியல் கவுன்சில் இதை 2008-ல் அறிமுகப்படுத்தியது. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால் மொத்தம் 6 ஆண்டுகள். ஐந்து ஆண்டுகள் படிப்பு, ஆறாவது ஆண்டு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். அதில் பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று துறைகளில் தலா 2 மாதம். பி.ஃபார்ம் முடித்தவர்கள் 3 ஆண்டுகளில் இதே பட்டத்தைப் பெறலாம்.

நோயாளிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எதோடு சேரக்கூடாது என்று பார்க்கப் பழக்குவது ஃபார்ம்.டி. இதுவரை விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, தரவுகளோடு விடை தேடப் பழக்குவது பிஎச்.டி. இரண்டிலும் 'டாக்டர்' இருந்தாலும் வேலை வேறு.

ஒரே நேரத்தில் படிக்கலாமா?

முடியாது. 'ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம்னு யுஜிசி சொல்லிடுச்சே' என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், 2022 ஏப்ரலில் சொன்னது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டு முழுநேரப் படிப்புகளைக்கூட நேரில் படிக்கலாம். ஆனால் அந்த வழிகாட்டுதலிலேயே பிஎச்.டி-க்கு இது பொருந்தாது என்று தெளிவாக இருக்கிறது.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்களில் இரண்டையும் இணைத்த படிப்பு உண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வருடம் ஃபார்ம்.டி வகுப்புகள், நடுவில் ஆய்வகம், கடைசியில் மருத்துவமனைப் பயிற்சி என்று போகும். அங்கேயும் சுமார் 7 முதல் 9 ஆண்டுகள் ஆகும். இணைத்தால் வேலை குறையாது. சில வருடங்கள் மிச்சமாகும், அவ்வளவுதான்.

அப்படியானால் இங்கே என்ன வழி?

ஒன்றன்பின் ஒன்றாக. எம்.ஃபார்ம் இல்லாமலே ஃபார்ம்.டி பட்டத்தை வைத்து பிஎச்.டி-யில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. யுஜிசியின் 2022 விதிப்படி முதுநிலைப் பட்டத்திலோ அதற்கு இணையான பட்டத்திலோ 55% மதிப்பெண் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி (கிரீமிலேயர் அல்லாதோர்), மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கு 5% தளர்வு உண்டு.

காலம்: குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் உண்டு. பெண்கள் மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 18 வயதில் ஃபார்ம்.டி சேர்ந்தால் 24-ல் முடியும். எல்லாம் சரியாக நடந்தால் 27-ல் பிஎச்.டி. இழுத்தடித்தால் 30 தாண்டும்.

வேலையில் இருந்துகொண்டே செய்யலாமா?

செய்யலாம். பகுதிநேர பிஎச்.டி-க்கு அனுமதி உண்டு. ஆனால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். ஆய்வுக்குப் போதுமான நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காக உங்களை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே மேலாளரிடம் பேசிவிடுங்கள். தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதியில் அதற்கு இடமில்லை.

செலவுக்கு என்ன வழி?

ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் தகுதித் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு. அறிவிக்கையில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உதவித்தொகை வாங்கிக்கொண்டே சம்பள வேலையும் பார்க்க முடியாது.

இன்னொரு பாதை பி.ஃபார்ம், பிறகு எம்.ஃபார்ம். இதுவும் 6 ஆண்டுகள்தான். ஜிபேட் தேர்ச்சி பெற்றால் எம்.ஃபார்ம் படிக்கும்போது மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். ஆய்வகம்தான் உங்கள் விருப்பம் என்றால் இதை யோசியுங்கள். மருத்துவமனை சார்ந்த ஆய்வு என்றால் ஃபார்ம்.டி கைகொடுக்கும்.

படிக்கும்போதே என்ன செய்யலாம்?

ஐந்தாம் ஆண்டு புராஜெக்டைச் சும்மா முடித்துக் கொடுக்காதீர்கள். பின்னாளில் பிஎச்.டி-யாக விரியக்கூடிய ஒரு கேள்வியை எடுங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் அதன் மையங்கள் உள்ளன. கேள்வி தேட அது நல்ல இடம். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

வழிகாட்டியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் ஒரே நேரத்தில் வழிநடத்தலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. அவரிடம் ஏற்கெனவே படிப்பவர்களிடம் பேசிப் பாருங்கள்.

எல்லோருக்கும் பிஎச்.டி தேவையா?

இல்லை. மருத்துவமனை வேலைக்கோ, மருந்துப் பாதுகாப்பு நிறுவனத்தில் சேரவோ ஃபார்ம்.டி போதும். மருந்தியல் கல்லூரியில் பேராசிரியராகவோ, சுயமாக ஆய்வு நடத்தவோ விரும்பினால்தான் பிஎச்.டி வேண்டும். 'அடுத்து என்ன செய்றதுன்னு தெரியல, அதனால சேர்ந்துட்டேன்' என்று போனால் மூன்றாவது வருடத்தில் மூச்சு முட்டும். கேள்வி ஒன்று மனதை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தால் தைரியமாகச் சேருங்கள்.