வெல்டிங்கில் விரிசல் – ஒரு சின்ன வரலாறு

1980 வாக்கில் ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து சிப்காட்டைச் சுற்றி நிறைய பட்டறைகளும் வந்தன. சாதாரண இரும்பை வெல்டிங் செய்வது அங்கே தினசரி வேலை. ஆனால் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் சேர்த்து பலமாக்கிய உலோகக்கலவைகள் அவ்வளவு சுலபத்தில் ஒட்டுவதில்லை. பலம் கூடும்போது, வெல்டிங்கில் விரிசல் விடும் ஆபத்தும் பெரும்பாலும் கூடவே வருகிறது.

ஒரு விரிசல் அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1961ல் கிங்ஸ் பாலம் திறக்கப்பட்டது. சாதாரண இரும்புக்குப் பதிலாக உறுதி கூடிய எஃகில் கட்டிய பாலம் அது. 1962 ஜூலை 10ம் தேதி, குளிரான ஒரு காலையில், 45 டன் லாரி ஏறியபோது உத்தரங்கள் உடைந்து பாலம் இறங்கிவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் தெரிந்த உண்மைதான் பயங்கரமானது. சில விரிசல்கள் உத்தரம் பட்டறையில் இருந்தபோதே விழுந்தவை!

இது எப்படி நடக்கிறது? வெல்டிங் ராடின் பூச்சில் உள்ள ஈரம், இரும்பின் மேல் உள்ள எண்ணெய், துரு இவற்றிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து உருகிய உலோகத்துக்குள் போய்விடும். பலமான எஃகு சட்டென்று ஆறினால் கண்ணாடி போல விறைத்துவிடும். உள்ளே மாட்டிய ஹைட்ரஜன் அதைப் பிளக்கும். அதுவும் உடனே அல்ல, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து. இன்று பார்த்து 'ஓகே' சொன்ன இணைப்பு நாளைக்கு விரிசல் விட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையை நேருக்கு நேர் சந்தித்த ஊர் திருச்சி. அங்கே 1965ல் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை தொடங்கியது. 1975ல் அதனுடன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அனல் மின் நிலையக் குழாய்களுக்கு இன்று அதிகம் பயன்படும் பி91 எஃகில் சுமார் 9 சதவீதம் குரோமியம் உண்டு. இதை ஒட்ட ராடுகளை ஓவனில் சுட்டு ஈரம் போக்க வேண்டும். குழாயை முதலில் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். ஒட்டி முடித்து ஆறவிட்ட பிறகு மறுபடி 760 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டினாலும் முன்பு செய்த வேலை எல்லாம் வீண்.

அடுத்தது கல்பாக்கம். அங்கே கட்டிய அதிவேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலன்களில் இதே வகை எஃகுதான். குழாய்க்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் உருகிய சோடியம். இரண்டும் சந்தித்தால் தீவிரமாக வினைபுரியும். நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் உலோகம் மட்டுமே! ஒரு சின்ன விரிசலுக்குக்கூட அங்கே இடம் கிடையாது.

அதே உலையின் பிரதான கலன் சுமார் 13 மீட்டர் விட்டம் கொண்டது. 2009 டிசம்பரில் அதன் இடத்தில் இறக்கினார்கள். அது 316எல்என் என்ற துருப்பிடிக்காத எஃகு. இதில் தொல்லை வேறு மாதிரி. கந்தகமும் பாஸ்பரசும் கடைசிவரை உறையாமல் மெல்லிய படலமாக நிற்கும். உலோகம் சுருங்கும்போது அந்த இடத்தில் சூட்டோடு சூடாகக் கிழியும். அதனால் அந்த இரண்டையும் மிகக் குறைத்து, பற்றில் கொஞ்சம் ஃபெரைட் வரும்படி நிரப்பு உலோகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மெல்போர்ன் முதல் கல்பாக்கம் வரை பார்த்தால் ஒன்று புரியும். வெல்டர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அது மட்டும் போதாது. சரியான ராடு, ஓவன், சூடேற்றும் நேரம், மறுநாள் சோதனை எல்லாவற்றுக்கும் நிர்வாகம் பணமும் நேரமும் ஒதுக்க வேண்டும். அவசர டெலிவரி என்று இவற்றில் மிச்சம் பிடித்தால், அந்தக் கணக்கைப் பிறகு விரிசல்தான் தீர்க்கும்.