பதினோரு நாள் ஞாபகம்

1966-இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வசித்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஒரு வீட்டுப் பாதுகாப்பு அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும் பகுதி அது. கதவில் நான்கு துளைகள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கேமரா, உள்ளே டிவி, ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தான். 1969-இல் காப்புரிமை கிடைத்தது.

கொங்கு நாட்டில் அந்தப் பயம் தோட்டத்துச் சாளைகளில் இருக்கிறது. வயதானவர்கள் தனியே, பிள்ளைகள் கோவையிலோ அமெரிக்காவிலோ. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவரும், 2025-இல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதியும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகுதான் அம்மிச்சியின் சாளையில் நான்கு கேமரா மாட்டினேன்.

கணக்கு எளிது. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 21.6 ஜி.பி.; நான்குக்கும் சுமார் 86. ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிவிடும். பிறகு பழையதை அழித்துத்தான் புதியதை எழுதும். திருட வருகிறவர்கள் ரெக்கார்டரையே கழற்றிக்கொண்டு போவதும் உண்டு என்பதால், டிவி பக்கத்தில் வைக்காமல் உள்ளறைப் பரணில் மறைத்து வைத்தேன்.

அம்மிச்சி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நேத்து வந்தவன் தெரியறான் சாமி. இன்னிக்கு ராத்திரி வந்தா ஆருக்குத் தெரியும்?”

மேரி பிரவுனின் கேள்வியும் அதுதான். கதவைத் திறக்கும் முன்பே வந்திருப்பது யாரென்று பார்க்கத்தான் அவர் கேமரா வைத்தார். நாம் வாங்கும் பெட்டியோ பெரும்பாலும் நடந்து முடிந்ததற்குச் சாட்சி சொல்கிறது. ஆள் நடமாடினால் ஃபோனுக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி அதிலேயே இருக்கிறது. பலர் அதை அணைத்து வைத்துவிடுகிறார்கள். நான் அதைப் போட்டு, அமெரிக்காவில் இருக்கும் மாமாவோடு பக்கத்துச் சாளைக்காரர் ஃபோனிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடிவர அவரால்தான் முடியும்.