எந்தக் காய்ச்சல் மலேரியா?

குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியும் இருக்கிறது. அப்படியானால் அது மலேரியாதானே?

தான்சானியாவின் கிலோம்பெரோ பள்ளத்தாக்கில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில், கொலம்பிய விஞ்ஞானி மனுவேல் பட்டாரோயோ உருவாக்கிய எஸ்பிஎஃப்66 மலேரியா தடுப்பூசியை அங்கே இடேட்டே கிராமத்தில் 586 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கொசுக்கடி ஓயாத அந்தப் பகுதியில், ஓடியாடி விளையாடும் பிள்ளைகளின் ரத்தத்திலேயே ஒட்டுண்ணி இருக்கும். சளிக்காய்ச்சலோடு வரும் பிள்ளையைச் சோதித்தாலும் ஒட்டுண்ணி தென்படும்.

எல்லாவற்றையும் மலேரியா என்று எழுதிவிட்டால் அடிபடுவது தடுப்பூசிதான். ஊசி போடாத பிள்ளைகளிடம் 100 காய்ச்சல் என்று வையுங்கள்; அதில் 50தான் மலேரியாவால் வந்தது. மலேரியாவைப் பாதியாகக் குறைக்கும் ஊசியைப் போட்ட, அதே அளவு குழுவில் 25 மலேரியாவும் 50 வேறு காய்ச்சலும் வரும், மொத்தம் 75. பாதிக்குப் பாதி காக்கும் ஊசி, ஏட்டில் கால்வாசிதான் காக்கிறது.

டாம் ஸ்மித், ஜோனா ஆம்ஸ்ட்ராங் ஷெலன்பெர்க், ரிச்சர்ட் ஹேய்ஸ் மூவரும் 1994இல் இதற்கொரு வழி சொன்னார்கள். ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், எத்தனை என்று பார்ப்பது. காய்ச்சல் உள்ள, இல்லாத பிள்ளைகள் இரு சாராரின் ஒட்டுண்ணி எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, எண்ணிக்கை கூடக்கூடக் காய்ச்சலுக்கான வாய்ப்பு எப்படி ஏறுகிறது என்று லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் மூலம் கணிக்கலாம். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மலேரியா காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிலிருந்து கிடைத்துவிடும். எந்த எண்ணிக்கையில் கோடு கிழித்தால் எத்தனை மலேரியா தவறிப்போகும், எத்தனை வேற்றுக் காய்ச்சல் உள்ளே நுழையும் என்பதும் தெரியும். மருத்துவரின் ஊகத்தை நம்பாமல், அந்தந்த ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தையே கேட்டுக் கோடு போடுவதுதான் இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது.

வேலை என்னவோ மைக்ரோஸ்கோப்பில்தான். ஜீம்சா சாயம் ஏற்றிய ஸ்லைடில் 200 வெள்ளணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை ஒட்டுண்ணி கண்ணில் பட்டது என்று குறிப்பார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8,000 வெள்ளணு என்று வைத்துக்கொண்டு 40ஆல் பெருக்குவார்கள். ஸ்லைடில் 125 என்றால் 5,000.

இடேட்டேயில் எஸ்பிஎஃப்66 காட்டிய பலன் 31 சதவீதம். காம்பியாவிலும் தாய்லாந்திலும் நடந்த அடுத்த சோதனைகளில் அது பலன் தரவில்லை. தடுப்பூசி கைவிடப்பட்டது, கோடு போடும் பழக்கம் நிலைத்தது. 2003இல் மொசாம்பிக்கின் மன்யீசாவில் தொடங்கிய, ஆர்டிஎஸ்,எஸ் என்ற வேறொரு மலேரியா தடுப்பூசியின் சோதனையில் கோடு 2,500. 2009இல் ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் 15,459 குழந்தைகளோடு தொடங்கிய பெரிய சோதனையில் 5,000. அந்தத் தடுப்பூசியைத்தான் 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது.