'குஜ்லி': ஒரு சொல், இரு நோய்கள்

1798இல் தம் நூலின் முதற்பகுதியை வெளியிட்ட லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லான், தோல் நோய்களைக் கண்ணுக்குப் புலனாகும் வடிவத்தால் வகைப்படுத்தினார்: பரு, செதில், கொப்புளம் என. பார்வையை நம்பிய இத்துறைக்குத் தொலைமருத்துவம் எளிதில் பொருந்தியது. 'டெலிடெர்மட்டாலஜி' என்ற சொல் 1995இல் ஆய்விதழ்களில் இடம்பெற்றது. இந்தியாவில் 2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி, கிராமச் சுகாதார நிலையங்களைத் தொலைவிலுள்ள மருத்துவர்களோடு இணைத்தது. 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், சிறாருக்கான ஆலோசனையில் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன.

இவ்விதியை நிர்வாக ஏற்பாடாகவே வாசிக்கிறோம். ஆனால் நோயறிதலும் அப்பெரியவரைச் சார்ந்தே நிற்கிறது. இந்தி பேசும் தாய் 'குஜ்லி' என்கிறார். அச்சொல் வெறும் அரிப்பையும் குறிக்கும், சிரங்கையும் குறிக்கும். சிரங்காயின் வீட்டார் அனைவருக்கும் ஒரே வேளையில் மருந்திட வேண்டும். கரப்பானாயின் குழந்தைக்கு மட்டும் போதும். கைக்குழந்தையின் உள்ளங்கையிலுள்ள கொப்புளத்தை நிழற்படம் காட்டும். இரவில் அரிப்பு மிகுகிறதா, உடன் உறங்கும் அக்காளுக்கும் உண்டா என்பவற்றைக் காட்டாது. அவற்றைத் தாயிடம் அவர் மொழியிலேயே கேட்டறிய வேண்டும். கேளாது விட்டால், குணமான குழந்தைக்கு அதே வீட்டிலிருந்து சிரங்கு மீண்டும் தொற்றும்.

தொலைமருத்துவ வரலாற்றை எழுதுவோர் செயற்கைக்கோளையும் கைப்பேசியையும் தவறாமல் குறிப்பிடுகின்றனர். சுகாதாரப் பணியாளர் அன்றாடம் செய்யும் மொழிபெயர்ப்புக்கும் அவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் உரியது.